கல்லைக் கேட்டு வந்தவர்கள்

என் அண்ணன் என் வீட்டுக்கு வருவது அபூர்வம். ஈஜிபுராவிலிருந்து லிங்கராஜபுரத்துக்கு இந்தப் பெங்களூர் டிராஃபிக்கில் எவன் வருவான் என்பான். உண்மைக் காரணம் வேறு. நாங்கள் இருவரும் ஒரே அறையில் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் சண்டை வந்துவிடும். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இனிப்பு டப்பாவோடு அவன் வாசலில் நின்றபோதே ஏதோ காரியமாக வந்திருக்கிறான் என்று தெரிந்தது. அவனுக்குப் பின்னால் இன்னொருவர் நின்றார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை, செருப்பைக் கழற்றும் முன்பே வீட்டை அளவெடுக்கும் பார்வை.

"இவரு கிரானைட் கம்பெனியிலிருந்து வந்திருக்காரு. நம்ம பாறையைக் குத்தகைக்குக் கேக்கறாங்க," என்றான் அண்ணன்.

அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. வீட்டில் கல்யாணத்துக்கு இருக்கும் பெண்ணை நல்ல இடத்திலிருந்து கேட்டு வந்தால் வரும் சிரிப்பு அது. எனக்கு அதைப் பார்த்ததும் எரிச்சலாக இருந்தது. வருகிறேன் என்று ஒரு போன்கூடச் செய்யாமல் ஆளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டானே.

அந்தப் பாறையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓசூரைத் தாண்டி தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்கள் பூர்வீக நிலம். சொத்தைப் பிரித்தபோது பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கிணற்றோடு மண் நிலம் போனது. அப்பாவுக்குப் பாறை வந்தது. அவர் பெங்களூரில் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தார். இவனா வந்து உழப்போகிறான் என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டார்கள். சொந்தக்காரர் கல்யாணங்களில் பந்தியில் உட்கார்ந்ததும் யாராவது ஆரம்பிப்பார்கள். "உங்களுக்கென்னப்பா, மலைக்கே சொந்தக்காரங்க!" அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அண்ணன் மட்டும் சிரிக்க மாட்டான், இலையைப் பார்த்துச் சாப்பிடுவான். பெரியப்பா பிள்ளைகள் தங்கள் நிலத்தை மனை போட்டு விற்றுப் பெரிய ஆட்களான பிறகு அந்தக் கேலி இன்னும் கூடியது.

அப்பா போன பிறகு பட்டாவில் என் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். "அந்தக் கல்லுக்குமா பங்கு கேக்கற?" என்றான். "கல்லுன்னா பங்கு கிடையாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்றேன். அதற்கப்புறம் வெகுநாள் பேச்சு கிடையாது. கடைசியில் பட்டா எங்கள் இருவர் பெயருக்கும் வந்தது. அப்படிப்பட்ட நிலத்தில் கல்லெடுக்க அரசு அனுமதி வேண்டும். அந்த அனுமதியைக் கேட்பதற்கே நிலத்துக்காரர்கள் எல்லோரும் சம்மதம் எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்காகத்தான் அன்றைக்கு இனிப்பு டப்பா.

வந்தவர் சோபாவில் உட்கார்ந்து என் கணவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். நல்ல கல்லுக்கு வெளிநாட்டில் எவ்வளவு கிராக்கி, கம்பெனிக்கு எத்தனை இடத்தில் குவாரி, எப்படி மூன்றாம் மாதமே வருமானம் வரத் தொடங்கும் என்று விரிவாகச் சொன்னார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், "கையெழுத்து போடவேண்டியது அவங்க. நிலம் அவங்களோடது. அவங்ககிட்ட சொல்லுங்க," என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

வந்தவர் சங்கடப்படவில்லை. பையிலிருந்து பத்திரத்தை எடுத்து என் முன் வைத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பேனாவையும் திறந்து கொடுத்தார். "சார் போட்டுட்டாரு மேடம். நீங்க இங்க ஒண்ணு போட்டா மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

அண்ணனின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

"படிச்சிட்டுச் சொல்றேன்."

"இதுல படிக்க என்ன இருக்கு? நான் பாத்தாச்சு," என்றான் அண்ணன்.

"நீ பாத்தே. நான் படிக்கறேன்."

வந்தவர் சிரித்தார். "டைம் எடுத்துக்குங்க மேடம். ஆனா அப்ளிகேஷன் போடணும், சொல்ப, கொஞ்சம் சீக்கிரம்." அண்ணன் சிரிக்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது மெல்லிய குரலில், "வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி என்னை அசிங்கப்படுத்தாம உன்னால இருக்க முடியாதில்ல?" என்றான். இனிப்பு டப்பாவை அப்படியே காவலாளியிடம் கொடுத்துவிட்டேன்.

நான் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். விபத்து நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களுக்கு ஏன் கொடுக்கமுடியாது என்று காரணம் கண்டுபிடிப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. நல்ல வேலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒரு பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட என்ன எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்கும் புத்தி அதில் வந்துவிடும். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து படித்தேன். தயிர்சாதம் காய்ந்து போயிற்று.

வெட்டுகிற கல்லுக்கெல்லாம் பணம் இல்லை. ஏற்றுமதிக்குத் தேறிய கல்லுக்கு மட்டும்தான். தேறியதா இல்லையா என்று சொல்வது கம்பெனி. அளப்பதும் கம்பெனி. குத்தகை முடிந்தால் நீட்டிப்பது அவர்கள் விருப்பம், எங்களைக் கேட்கவேண்டியதில்லை. வெட்டி முடித்த பள்ளத்தை யார் மூடுவது, யார் வேலி போடுவது என்ற பேச்சே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் சார்பில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட அவர்களுக்குப் பவர் எழுதிக் கொடுக்கிறோம். இதையெல்லாம் படித்து எனக்குக் கோபம் வந்ததே தவிர ஆச்சரியம் வரவில்லை. ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. பாதை போடவும் கழிவுக் கல் கொட்டவும் கையெழுத்தான நாளிலிருந்தே அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கல் வெட்டுவதை எப்போது தொடங்கவேண்டும் என்று ஓரிடத்திலும் இல்லை. வெட்டினால்தான் பணம். வெட்டவேண்டிய கட்டாயமோ இல்லை.

அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன்.

"வெட்டாம விடறதுக்கா இவ்வளவு தூரம் வந்து கேப்பாங்க? மூளை இருக்கா உனக்கு?"

"அப்போ எப்ப வெட்டுவோம்னு எழுதச் சொல்லு."

"எழுதச் சொல்லு, எழுதச் சொல்லு. இப்படி நோண்டி நோண்டித்தான் ஆபீஸ்ல எல்லாரும் உன்னைப் பாத்து ஓடறாங்க. ஒருத்தன் நம்ம கல்லு நல்ல கல்லுன்னு கேட்டு வந்திருக்கான். உனக்கு அதுவே பொறுக்கல."

"நேர்ல போய்ப் பாக்கலாம். பக்கத்து நிலத்துல அதே கம்பெனி குவாரிதானே ஓடுது? அதைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

அவன் கடையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பம்பு மோட்டார்களுக்குக் காயில் சுற்றிக் கொடுக்கும் கடை அவனுடையது. மோட்டார் சத்தம் நின்றதும், "பெட்ரோல் உன்னுது," என்று சொல்லி வைத்துவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை போனோம். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், அத்திப்பள்ளி, ஓசூர், எல்லாவற்றையும் தாண்டினோம். அவன் பாட்டுப் போட்டான், நான் சத்தத்தைக் குறைத்தேன், அவன் மறுபடி கூட்டினான். தார்ச்சாலை முடிந்து மண் பாதை வந்ததும் காரின் அடியில் கல் இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தான், நான்தான் அந்தக் கற்களைப் போட்டுவைத்ததுபோல.

பக்கத்து நிலத்தின் குன்றில் பாதி காணோம். கத்தியால் வெட்டிய கேக் மாதிரி செங்குத்தாக நின்றது மிச்சம். அடியில் பெரிய பள்ளம், அதில் பச்சை நிறத்தில் தண்ணீர். வேலி இல்லை. மூலை உடைந்த கற்கள், வெடிப்பு விட்ட கற்கள், தேறாத கற்கள் எல்லாம் மலைபோலக் குவிந்து எங்கள் எல்லைவரை வந்து நின்றன. யந்திரம் ஒன்று துருப்பிடித்து நின்றது. ஓர் ஆள்கூட வேலை செய்யவில்லை.

"லீவா இருக்கும்," என்றான் அண்ணன்.

தகரக் கொட்டகையின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்த நிலத்துக்காரர். அப்பாவைவிடச் சற்று இளையவராக இருக்கலாம். நாங்கள் யார் என்று அண்ணன் சொன்னதும் வணக்கத்துக்குப் பதில் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இன்னும் கையெழுத்து போடலியாமே?"

"பாத்துட்டுப் போடலாம்னு வந்தோம்," என்றேன்.

"என்னத்தைப் பாக்கறது? எங்க குவாரி நின்னு கெடக்கறதைப் பாக்கவா? கழிவு கொட்ட எடம் இல்லன்னு அதிகாரிங்க வந்து நிறுத்திட்டுப் போயிட்டாங்க. உங்க எடம் சேந்தாத்தான் மறுபடி ஓடும். அங்க பெங்களூர்ல சொகுசா ஒக்காந்துக்கிட்டு ஒரு கையெழுத்துக்கு எங்களை வதைக்கறீங்களேம்மா."

"எங்க எடத்துல கல்லு வெட்டறதுக்குத்தான் கேட்டிருக்காங்க," என்றான் அண்ணன்.

அவர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். கல்யாணப் பந்திகளில் நான் கேட்ட அதே சிரிப்பு.

"அந்தப் பாறையிலயா? பூரா வெடிப்பு. ஒரு முழுக் கல்லு வராது. அதுல எவன்யா காசு போட்டு வெட்டுவான்? கொட்டறதுக்குத்தான் கேக்கறாங்க. ஒங்களுக்கும் அது சும்மா கெடக்கற எடம்தானே? போட்டுக் கொடுத்துட்டுப் போங்க."

அண்ணன் எல்லையைத் தாண்டி எங்கள் பாறைமேல் ஏறினான். நானும் பின்னால் போனேன். வெயிலில் கல் காலைச் சுட்டது. அவன் குனிந்து குனிந்து பார்த்தான். பாறை முழுக்கக் கோடுகள். சிலவற்றில் விரல் நுழையும். சிலவற்றில் புல் முளைத்திருந்தது. சின்ன வயதில் பார்த்தபோது அந்தக் கோடுகளைப் பாறையின் அழகு என்றுதான் நினைத்திருக்கிறேன்.

எனக்கு இப்போது அந்தப் பத்திரம் முழுக்கப் புரிந்தது. கல் எடுத்தால் காசு. எடுக்கப்போவதே இல்லை. காசு கொடுக்காமல் கழிவு கொட்ட ஓர் இடம், அதுவும் அவர்கள் விரும்புகிறவரை.

திரும்பும் வழியில் அத்திப்பள்ளி நெரிசலில் கார் நின்றபோது அவன் வாயைத் திறந்தான். "இப்ப உனக்கு மனசு குளுந்திருக்குமே."

"பத்திரத்தை எழுதினது நானா?"

"அந்தாளு பொறாமையில பேசறான். அவன் கல்லு தீந்துபோச்சு. நம்ம எடத்துல வெட்டினா அவனுக்கென்ன வருமானம்? அதான் நம்ம கல்லை மட்டம் தட்டறான்."

அப்படியும் இருக்கலாம் என்றே எனக்கும் தோன்றியது. அந்தப் பெரியவருக்கும் பொய் சொல்லக் காரணம் உண்டு. "அப்போ கம்பெனிக்காரனையே கேப்போம்," என்றேன். "நீயே கேளு. நான் வாயைத் திறக்கல."

அவர்கள் ஆபீஸ் தொம்மலூரில், பழைய கிராமத்துச் சந்து ஒன்றுக்குள், ஒரு சாப்பாட்டு மெஸ்ஸுக்கு மேல் மாடியில் இருந்தது. சாம்பார் வாசனையும் ஏசி குளிரும் சேர்ந்து வந்தன. அன்று வீட்டுக்கு வந்த அதே மனிதர். காபி வரவழைத்தார். நான் பத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, வாக்குக் கொடுத்தபடி பேசாமல் உட்கார்ந்தேன்.

அண்ணன் நேராகக் கேட்டான். "எங்க பாறையில ஓட்டை போட்டுக் கல்லெடுத்துப் பாத்தீங்களா?"

"சார், அதெல்லாம் டெக்னிக்கல். எங்க ஆளுங்க பாத்துப்பாங்க."

"பாத்தாங்களா இல்லியா?"

"அந்த ஏரியா பூரா ஒரே கல்லுதான் சார். தனியா பாக்கணும்னு அவசியமில்ல."

"வெட்டப் போற கல்லைப் பாக்காமலேயே குத்தகைக்கு எடுப்பீங்களா? நான் மோட்டாரைத் திறந்து பாக்காம ரேட்டு சொன்னதே இல்லையே."

அவர் என் பக்கம் திரும்பினார். "மேடம் ஏதோ சொல்லிக் குழப்பியிருக்காங்கபோல."

அதற்குமேல் நான் சும்மா இருக்கவில்லை. கல் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு நிச்சயமான வாடகை, கழிவு கொட்டுவதற்குத் தனி வாடகை, அளக்கும்போது எங்கள் தரப்பு ஆள், பவர் கிடையாது, பள்ளத்துக்கும் வேலிக்கும் அவர்கள் பொறுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. மேடம் போய் 'என்னம்மா' வந்தது.

"என்னம்மா, என்னவோ தங்கச் சுரங்கம் வெச்சிருக்கறாப்ல பேசறீங்க. அந்த நெலத்தை வேற எவன் கேப்பான்? ஆடு மேய்க்கக்கூட லாயக்கில்ல. நாங்க வந்து கேட்டதே பெரிசு."

அண்ணனின் காது மடல் சிவந்தது. கோபம் வந்தால் அவனுக்குக் கன்னடம்தான் வரும். சின்ன வயதிலிருந்து தெருச் சண்டையெல்லாம் அந்த மொழியில்தான் போட்டிருக்கிறான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கன்னடத்தில் அவன் சொன்னதை இங்கே எழுதமுடியாது. மெஸ்ஸிலிருந்து ஒருவர் மாடிப்படி வரை ஏறி வந்து எட்டிப் பார்த்தார். அண்ணன் மேசையிலிருந்த பத்திரத்தை எடுத்து, தன் கையெழுத்து இருந்த பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

கீழே சந்துக்கு வந்ததும் அவனிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல நினைத்தேன். அவன் என்னைப் பார்க்காமலேயே, "நீ ஆட்டோ புடிச்சிப் போ," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

கதை அங்கே முடிந்திருந்தால் நான்தான் ஜெயித்தவள். ஒரு மாதத்துக்குள் கம்பெனியிலிருந்து வேறொருவர் பேசினார். மரியாதையான குரல், சுற்றிவளைக்காத பேச்சு. கல் வேண்டாம் என்றார். எல்லையோரத்துப் பகுதியைக் கழிவு கொட்ட மட்டும் வாடகைக்குக் கேட்டார். பவர் இல்லை. வருஷா வருஷம் நிச்சயமான வாடகை. சுற்றிச் சுவர். நீட்டிக்கவேண்டும் என்றால் எங்கள் சம்மதம் வேண்டும். புதுப் பத்திரத்தை என் வழக்கப்படி ஓட்டை தேடித்தான் படித்தேன். பெரிதாக எதுவும் அகப்படவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டினேன். இது நியாயமான ஒப்பந்தம், போடலாம் என்றார்.

ஈஜிபுராவுக்கு அண்ணன் கடைக்கே போனேன். செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டான். முடித்ததும் கம்பியை வெட்டிப் போட்டான்.

"மாட்டேன்."

"ஏன்? இதுல ஏமாத்து இல்ல. நான் படிச்சேன்."

"கல்லைக் கேட்டாங்க, கொடுக்கலாம்னு இருந்தேன். குப்பை கொட்டறதுக்குக் கொடுக்க மாட்டேன்."

"கழிவுக் கல்லுதானே. சும்மா கெடக்கற நெலம்..."

"அந்த வார்த்தையை நீயும் சொல்லாதே." அவன் குரல் உயர்ந்தது. பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "நீ கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டே. ஒவ்வொரு விசேஷத்துலயும் அவனுங்க முன்னாடி போய் நிக்கறது நான். மலைக்காரன்னு சிரிச்சானுங்க. இனி குப்பைமேட்டுக்காரன்னு சிரிப்பானுங்க. அப்பாவுக்கு வேணா சிரிச்சிக்கிட்டு உக்காந்திருக்க முடிஞ்சிது."

"பெரியப்பா பசங்க சிரிக்கறதுக்காக எனக்கு வர வேண்டிய வருமானத்தை நான் விடணுமா? பாதி என்னோடது."

"பிரிச்சுக்கோ. ஆனா எல்லையோரம் எனக்கு. எந்தப் பக்கம் வேணும்னு நான்தான் சொல்லுவேன், பெரியவன் நான்."

"கோர்ட்டுக்குப் போவேன்."

"போ. நல்லா போ. அங்கயும் படிச்சிப் பாரு."

கையில் கிடைத்ததைத் தூக்கி அடிக்கலாம்போல இருந்தது. அடிக்கவில்லை. கோர்ட்டுக்கும் போகவில்லை. போவேன் என்று வக்கீலிடம் போய் உட்கார்ந்து, எத்தனை வருஷம் ஆகும் என்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தேன். எனக்கு அந்த வருமானம் இல்லாமல் ஒன்றும் முழுகிப்போகவில்லை. இருந்தும் நல்லதொரு ஒப்பந்தம் அவன் ரோஷத்தால் கைநழுவியதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முதல் பத்திரத்தை எதிர்த்து நான் பேசியபோது அவன் என்னைப் பார்த்த பார்வையை, இரண்டாம் பத்திரத்துக்கு அவன் மாட்டேன் என்றபோது நானும் அவன்மேல் வீசியிருப்பேன். கம்பெனிக்காரர்கள் சில நாள் கேட்டார்கள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

மழைக்காலம் முடிந்த சமயம் அண்ணன் போன் செய்தான். கடைக்கு நான் போய் வந்ததற்கப்புறம் அதுதான் முதல் தடவை. ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. "நம்ம எடத்துல லாரி கொட்டுது. அந்தப் பக்கத்து நெலத்துக்காரன் வேலை. காலையில வரியா?"

போனோம். எல்லையோரத்தில் புதிதாகக் கற்கள் குவிந்திருந்தன. எங்கள் கண் முன்னாலேயே ஒரு டிப்பர் லாரி பின்னோக்கி வந்தது. அண்ணன் அதன் பின்னால் போய் நின்றுவிட்டான். டிரைவர் ஹாரன் அடித்தார், இறங்கி வந்து கத்தினார். அண்ணன் நகரவில்லை. நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். பயமாகத்தான் இருந்தது. கொட்டகையிலிருந்து அந்தப் பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "குத்தகைக்கும் தர மாட்டீங்க, கொட்டவும் விடமாட்டீங்க. கழிவை நகத்தாம குவாரி எப்படி ஓடும்? நாங்க என்ன மண்ணைத் திங்கறதா?" என்று ஆரம்பித்து, எங்கள் குடும்பத்தையே இழுத்துப் பேசினார். அண்ணன் திருப்பிப் பேசினான். அவன் மூச்சு வாங்க நிறுத்தியபோது நான் தொடர்ந்தேன். அப்படி அக்கம்பக்கம் நின்று இருவரும் ஒரே ஆளைத் திட்டியது எங்கள் ஆயுளில் அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். லாரி கொட்டாமல் திரும்பிப் போயிற்று.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதும்போது மறுபடி முட்டிக்கொண்டோம். கொட்டிய கல்லை அள்ளிக்கொண்டு போகவேண்டும் என்று எழுதச் சொன்னான் அவன். கொட்டியதற்கு நஷ்டஈடு கேட்கவேண்டும் என்றேன் நான். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வெளியே போய்ப் பேசி முடிச்சிட்டு வாங்க," என்றார். வெளியே வேப்பமரத்தடியில் நின்று நன்றாகவே சண்டை போட்டோம். கடைசியில் இரண்டையும் எழுதினோம். கல்லையும் அள்ளவில்லை, நஷ்டஈடும் வரவில்லை. லாரி மட்டும் வருவதில்லை.

கம்பெனிக்கு, குவாரியின் மறுபுறத்தில் வேறொருவர் நிலம் கிடைத்துவிட்டது. குவாரி மறுபடி ஓடுகிறது. வெடி வைக்கும் நாட்களில் எங்கள் பாறைமேல் வெள்ளையாகத் தூசி படிகிறதாம். அண்ணன் மாதம் ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். போனால் எல்லையை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவான், ஒரு வார்த்தை எழுதாமல். பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்ப்பேன், புதுக் கல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று. பதில் போடுவதில்லை. நான் பார்த்துவிட்டேன் என்று நீல டிக்கில் அவனுக்குத் தெரியும். எனக்கு அந்த ரோஷக்காரன்மேல் இருக்கிற கோபம் குறையவில்லை, அவனுக்கும் குறைந்திருக்காது.